நேரம் கடத்தும் ஆட்டம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கால்பந்து பழக்கியது அப்பாதான். இன்றும் இரண்டு பேரும் ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறோம். ஆனால் சமீபகாலமாக, ஒரு அணி 1-0 என்று முந்திவிட்டால் அதற்கப்புறம் பார்க்கவே பிடிப்பதில்லை. கோல் கிக் எடுக்க கோல்கீப்பருக்கு அரை நிமிடம் வேண்டும். த்ரோ-இன் எறிய வந்தவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, கடைசியில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். வெளியே வரவேண்டிய வீரர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து வருகிறார். ரெஃப்ரி 4 நிமிடம் கூட்டிக் கொடுத்தால் அதில் பாதி, யாராவது தரையில் படுத்திருப்பதிலேயே போய்விடுகிறது.

அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பது இதுதான்: "கூடைப்பந்தில் கடிகாரத்தை நிறுத்துறாங்களே, இவங்களுக்கு மட்டும் என்ன?" பாதிக்கு 30 நிமிடம் என்று வைத்து, பந்து வெளியே போனால் கடிகாரத்தை நிறுத்திவிட்டால் நேரம் கடத்துவது அன்றோடு ஒழிந்துவிடும் என்று எனக்கும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரா., நாகர்கோவில்

*

அன்புள்ள ரா.,

உங்கள் அப்பாவின் யோசனை அப்படியே பெரிய இடத்தில் பேசப்பட்ட ஒன்று. கால்பந்தின் விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2017இல் விவாதத்துக்கு வைத்த யோசனைகளில் இதுவும் இருந்தது. பாதிக்கு 30 நிமிடம், பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்கும். 90 நிமிடம் என்கிறோமே தவிர, இங்கிலாந்தின் பிரீமியர் லீகில்கூடப் பந்து உண்மையில் உருள்வது ஏறத்தாழ 55 நிமிடம்தான். அந்தக் கணக்கை வைத்துத்தான் 60 என்ற எண் வந்தது. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

நானும் ரொம்ப நாள் கடிகாரத்தை நிறுத்தவேண்டும் என்ற கட்சிதான். இப்போது இல்லை. அதற்கு ஒரு காரணம், கல்லூரிக் காலத்தில் நான் ஆடிய ஒரு பைனல்.

0-1 என்று பின்தங்கியிருந்தோம். எழுபது நிமிடம் தாண்டியதும் ஆட்டம் எங்கள் கைக்கு வந்தது. எதிரணியின் இரண்டு பேக்குகளும் (தடுப்பாட்டக்காரர்கள்) இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்குவது தெரிந்தது. அடுத்தடுத்து மூன்று கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை. பந்து வெளியே போனது, கோல் கிக். அவர்களுடைய கோல்கீப்பர் பந்தைச் சின்னப் பெட்டியின் இடது மூலையில் வைத்தார். பின்னால் நடந்தார். நின்றார். திரும்பி வந்து பந்தை எடுத்து வலது மூலைக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் பூட்ஸ் அடியை கோல் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்தார். அப்புறம் குனிந்து லேஸ் கட்டினார். அதற்குள் அந்த பேக்குகள் இரண்டு பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் குடித்துவிட்டார்.

ரெஃப்ரி நேர்மையானவர். எல்லாவற்றையும் கணக்கு வைத்து 6 நிமிடம் கூட்டிக் கொடுத்தார். நாங்கள் இழந்த நேரம் அநேகமாக முழுசாகவே திரும்பி வந்தது. ஆனால் அந்த 6 நிமிடத்தில் எங்களால் ஒரு கார்னர்கூட எடுக்க முடியவில்லை. சூடு ஆறிப்போயிருந்தது.

என் மறுப்பு இதிலிருந்துதான் வருகிறது. நேரம் கடத்துகிறவர் கடிகாரத்திலிருந்து எடுப்பது கொஞ்சம்தான். எதிரணி பாடுபட்டு ஏற்றிய வேகத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போகிறார். கடிகாரத்தை நிறுத்தினால் நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்கலாம், அந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. இன்னும் ஒரு படி மேலே யோசித்துப் பாருங்கள். கடிகாரம் நின்றிருக்கிறது என்றால் அந்த கோல்கீப்பர் நிதானமாக நடப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? "கடிகாரம் நிக்குதே, எதுக்கு அவசரம்" என்று ரெஃப்ரியே விட்டுவிடுவார். களைத்துப்போன அணி எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மூச்சு வாங்கிக்கொள்ளும்.

கூடைப்பந்தில் நடக்கிறதே என்று அப்பா கேட்பார். அங்கே கடிகாரத்தை நிறுத்துவது பாதி வேலைதான். பந்து கையில் வந்தால் 24 விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும், வெளியிலிருந்து உள்ளே கொடுப்பதற்கு 5 விநாடி. ஆட்டத்தை ஓடவைப்பது அந்தச் சின்னக் கணக்குகள்தான்.

நம்முடைய கபடியை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் துலக்கமாகத் தெரியும். சடுகுடு பாடிப் போகிறவருக்கு அவருடைய மூச்சுதான் கடிகாரம். பாட்டு விட்டால் ஆள் அவுட். நேரம் கடத்த நினைத்தாலும் ஒரு மூச்சுக்கு மேல் முடியாது. புரோ கபடியில் அதோடு 30 விநாடி வைத்தார்கள். முந்திய அணி வெறுமனே போய்விட்டு வருவதைத் தடுக்க, இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் போனவர் அவுட் என்றும் வைத்தார்கள். கடிவாளம் ஒவ்வொரு ரெய்டிலும் இருக்கிறது. கால்பந்துக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஒன்று என்றுதான் நான் நினைக்கிறேன்.

அது கால்பந்தில் இல்லாமலும் இல்லை. கோல்கீப்பர் பந்தைக் கையில் 6 விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2000இலேயே வந்துவிட்டது. மீறினால் எதிரணிக்கு, கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள்ளேயே, இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை). ஏட்டில் கடுமையான விதி. கடுமையாக இருந்ததாலேயே யாரும் அதைத் தொடவில்லை. பத்து விநாடி, பதினைந்து விநாடி வைத்திருப்பார்கள், ரெஃப்ரி கையைக் காட்டிச் சீக்கிரம் என்பதோடு சரி.

பிறகு 2012 ஆகஸ்ட் 6. லண்டன் ஒலிம்பிக்ஸ் பெண்கள் அரையிறுதி, ஓல்டு டிராஃபர்டில் அமெரிக்காவும் கனடாவும். கிறிஸ்டீன் சின்க்ளேர் மூன்று கோல் போட்டு கனடாவை 3-2 என்று முன்னால் வைத்திருக்கிறார். கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தைப் பிடித்து மெதுவாக விடுகிறார். அமெரிக்காவின் ஆபி வாம்பக், ரெஃப்ரிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக விநாடிகளை எண்ண ஆரம்பித்தார். ஒருமுறை பத்து வரைக்கும் எண்ணியிருக்கிறார். 78ஆவது நிமிடத்தில் விசில். பெட்டிக்குள் ஃப்ரீ கிக். அடித்த பந்து கனடா வீராங்கனையின் கையில் பட, பெனால்டி. வாம்பக் அடித்து 3-3. எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நொடிகளில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி 4-3. சின்க்ளேரின் மூன்று கோலும் வீணாயின.

விதிப்படி அந்த விசில் சரி. ஆனால் வருஷக்கணக்காக யாரும் ஊதாத விதியை, ஒலிம்பிக் அரையிறுதியில், முடிய பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது எடுத்தால் அதை யார் நியாயம் என்று ஏற்றுக்கொள்வார்கள்? அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. தண்டனை மலையளவு இருந்தால் விதி தூங்கிவிடும், எழுந்த அன்று ஒருவரை நசுக்கிவிடும்.

இதை 2025இல்தான் சரி செய்தார்கள். 6 விநாடியை 8 ஆக்கினார்கள், தண்டனையை கார்னர் கிக்காகக் குறைத்தார்கள். கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, கோல்கீப்பருக்கும் கூட்டத்துக்கும் தெரிகிற மாதிரி எண்ண வேண்டும். கார்னர் என்பது கொடுக்கக் கூசாத தண்டனை, அதேசமயம் முந்திய அணிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். விரல் மடங்க ஆரம்பித்ததும் பந்து கையைவிட்டுப் போகிறது. இதே எண்ணிக்கையை த்ரோ-இன்னுக்கும் கோல் கிக்குக்கும் கொண்டுபோகும் பேச்சு ஐஎஃப்ஏபியிலேயே வந்துவிட்டது. முழு மனசோடு ஆதரிக்கிறேன். த்ரோ-இன் நேரத்துக்குள் எறியாவிட்டால் எதிரணிக்குப் போகட்டும். ஒரு ஆட்டத்தில் இரண்டு முறை கொடுத்தால் போதும், மூன்றாம் முறை பந்து தானாகவே உள்ளே வரும்.

கடிகாரத்தை நிறுத்திப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவின் கால்பந்து லீகான எம்எல்எஸ் 1996இல் தொடங்கியபோது கடிகாரம் 45இலிருந்து கீழே இறங்கும், ரெஃப்ரி சைகை காட்டினால் நிற்கும், பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது. நான்கு சீசன்தான். 1999உடன் கைவிட்டு, எல்லோரையும் போல ரெஃப்ரியின் கைக்கடிகாரத்துக்கே வந்துவிட்டார்கள். பூஜ்யத்தில் முடிப்பது எப்படியிருக்கும் என்பதற்கு 1978 உலகக் கோப்பையில் ஒரு காட்சி உண்டு. பிரேசில்-ஸ்வீடன், 1-1, கடைசி கார்னர். பந்து காற்றில் வந்துகொண்டிருக்கும்போதே ரெஃப்ரி கிளைவ் தாமஸ் விசில் ஊதிவிட்டார். ஜிக்கோ தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது, கோல் இல்லை. கபடியில்கூட மணி அடித்தாலும் போயிருக்கிற ரெய்டை முடிக்க விடுவார்கள்.

கத்தார் 2022இல் நிஜமாகவே இழந்த நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம். அர்ஜென்டினா-நெதர்லாந்து காலிறுதியில் 10 நிமிடம் காட்டினார்கள். 90+11இல் ஃப்ரீ கிக்கை நெதர்லாந்து நேராக அடிக்காமல் தரையோடு உள்ளே தள்ள, வவுட் வெக்ஹோர்ஸ்ட் சமன் செய்தார். அந்தக் கடைசி உதை எப்போது என்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தவிப்பை இழக்க எனக்கு மனமில்லை.

அடிபட்டதாக நடிப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வரவைப்பது. 2021 ஜூனில் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். விழுந்தவரை ஒரு நொடிகூட ரெஃப்ரி சந்தேகப்படக் கூடாது. நடிப்பவர்கள் அந்தச் சந்தேகத்தைத்தான் விதைக்கிறார்கள். எம்எல்எஸ் 2024இல் கொண்டுவந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது: 15 விநாடிக்கு மேல் கிடந்து, மருத்துவரும் உள்ளே வந்தால், அந்த வீரர் 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2026 உலகக் கோப்பையில் வெயிலோ இல்லையோ, ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க 3 நிமிட இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்தது. நிற்கிற ஆட்டத்துக்குள் விளம்பரம் நுழைய நேரம் ஆகாது. அதற்கு நிரந்தரமாக ஒரு கதவைத் திறந்துவைக்க வேண்டாம்.

அப்பாவுக்கு ஒரு விஷயம் விட்டுக்கொடுக்கிறேன். விஏஆர் (ரெஃப்ரியின் முடிவை வீடியோவில் சரிபார்ப்பது) பார்க்கும்போதும் மருத்துவர் உள்ளே வரும்போதும் மட்டும் கடிகாரத்தை நிறுத்தட்டும், அதையும் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் செய்யட்டும். 2022 ஜனவரியில் கேமரூனில் துனீசியா-மாலி ஆட்டத்தை ரெஃப்ரி ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்தில் ஒருமுறை ஊதி முடித்தார், மறுபடி தொடங்கி, 90 ஆவதற்குள் இன்னொரு முறை ஊதி முடித்தார். அன்று அவர் வெயிலில் உடம்புக்கு முடியாமல் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. ஓடி ஓடி ஆட்டத்தையும் பார்த்து, மணியையும் ஒரே மனிதர் பார்க்க வேண்டும் என்பது அநியாயம்.

அடுத்த ஆட்டத்தில் 75ஆவது நிமிடத்துக்கு அப்புறம், ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் எடுத்துப் பாருங்கள். முந்தியிருக்கும் அணிக்குத் தனியாக, பின்தங்கிய அணிக்குத் தனியாக. எண்களை எனக்கு எழுதுங்கள், நானும் இங்கே எடுத்து வைக்கிறேன்.