ஒரு தடவை சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள்: சிறப்பாசிரியரிடம் கேள்வி பதில்

தக்கலை, 2-ஆம் வகுப்பு ஆசிரியை: ஆட்டிசம் உள்ள பையன். “நோட்டை எடு” என்று நாலு தடவை சொன்னால்தான் எடுக்கிறான்.

நாலாவது தடவைக்குக் காத்திருக்கப் பழகிவிட்டான் டீச்சர். ஒரே தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் 5 வரை எண்ணுங்கள். அதுவரை வாய் திறக்கக் கூடாது. எடுக்கவில்லையா, பையை விரலால் காட்டுங்கள், மறுபடி 5. அதற்கும் அசையாவிட்டால் முழங்கையை லேசாகத் தள்ளுங்கள். கைபிடித்து எடுக்க வைப்பது கடைசி, அதுவும் பின்னால் நின்று. முன்னால் நின்றால் நோட்டைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். தானாக எடுத்தால் உடனே மனசாரப் பாராட்டுங்கள். கைபிடித்து எடுத்ததற்கு ஒரு “சரி” போதும். சொல்லியோ, காட்டியோ, தொட்டோ செய்ய வைக்கும் உதவிக்குத் தூண்டல் என்று பெயர்; அதில் வாயால் சொல்லும் தூண்டலைப் பிறகு நிறுத்துவதுதான் ரொம்பக் கஷ்டம். அதற்குப் பதில் மேஜை மூலையில் நோட்டின் படம் ஒட்டுங்கள். பழகப் பழகப் படத்தைச் சின்னதாக்கி எடுத்துவிடலாம்.

குளச்சல், ஒரு அம்மா: டிபன் டப்பா திறக்கவே தெரியாதவளுக்கும் இப்படித்தானா?

இல்லை அம்மா, புதுசு என்றால் தலைகீழ். முழு உதவியில் தொடங்கிக் குறைக்க வேண்டும்; தப்பாகச் செய்யவிட்டால் தப்பே பழகும். நாலு கிளிப்பில் மூன்றை நீங்கள் திறங்கள், கடைசியை அவளுக்கு விடுங்கள். அது வந்ததும் இரண்டை விடுங்கள். ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்குவது அவளாகவே இருக்கட்டும்.

மார்த்தாண்டம்: துறுதுறுப்பு குறைய மருந்து?

டாக்டரிடம் கேளுங்கள்.

குழித்துறை: திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லலாமா?

தக்கலைக்குச் சொன்னதேதான். ஒரு தடவை, 5 வினாடி.

நாகர்கோவில்: பார்வையில்லாத மாணவியின் விரலைப் பிடித்து பிரெயில் புள்ளியில் வைக்கிறோம்.

வேண்டாம். விரல்தான் அவளுக்குக் கண். உங்கள் கையைக் கீழே வைத்து, அவள் கை மேலே வரட்டும். விலக நினைத்தால் விலகலாம்.

தோவாளை: ஒத்துக்கொள்ள மாட்டேன். மூளை முடக்குவாதப் பிள்ளைக்குக் கையைப் பிடித்தால்தான் எழுத்தே வருகிறது.

அந்த எழுத்து உங்களுடையது சார். இறுக்கிப் பிடித்தால் தசை இன்னும் விறைக்கும். தடித்த பென்சில், சாய்வுப் பலகை கொடுங்கள்; 15 வினாடி ஆனாலும் பொறுங்கள்.

தோவாளை: அப்படியானால் பாடம் எப்போது முடியும்?

10 வரியில் 3 வரி அவனே எழுதட்டும். மீதியை வாயால் சொல்லட்டும். பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அருமனை: தூண்டலை எப்போது குறைப்பது?

தினமும் நோட்டில் குறியுங்கள்: தானாக, சைகை, தொட்டு, கைபிடித்து. 3 நாள் தொடர்ந்து ஒரே படியில் சரியாகச் செய்தால் ஒரு படி குறையுங்கள். 2 நாள் தடுமாறினால் பழைய படிக்கே திரும்புங்கள்.