குளச்சல் அலை கணினியில் ஏன் பிந்துகிறது?

கேள்வி: குளச்சல் கரைக்கு வரும் சுனாமி போன்ற நீண்ட அலையை ஒரு பரிமாணத்தில் கணக்கிடுகிறேன். ஆழம் 50 மீட்டர், அலைக்காலம் 300 வினாடி, புள்ளி இடைவெளி 660 மீட்டர். வகைக்கெழுவுக்கு (இடத்துக்கு இடம் மதிப்பு மாறும் வீதம்) இரண்டாம் வரிசை மைய வேறுபாடு, அதாவது இருபக்கப் புள்ளிகளின் வித்தியாசத்திலிருந்து கணிப்பது; நேரத்தில் படிப்படியாக முன்னேற நான்காம் வரிசை ரங்கே–குட்டா முறை. அலை பிந்துகிறது, பின்னால் சிற்றலைகள் வால்போல் இழுபடுகின்றன. புள்ளிகளைக் கூட்டவா, எல்லாப் புள்ளிகளின் வகைக்கெழுக்களையும் ஒன்றாகத் தீர்க்கும் காம்பாக்ட் முறைக்கு மாறவா? — பொறியியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: மாறுங்கள். உங்கள் அலை வேகம் நொடிக்கு சுமார் 22 மீட்டர், அலைநீளம் 6.6 கிலோமீட்டர், அதாவது அலைக்குப் பத்துப் புள்ளி. இந்த அடர்த்தியில் மைய வேறுபாடு அலையை 6.4% மெதுவாக ஓட்டும். எட்டு அலைநீளம் கடப்பதற்குள் மேடு வரவேண்டிய இடத்தில் பள்ளம் நிற்கும். குறுகிய அலைகள் இன்னும் பிந்துவதால்தான் அந்த வால். பிழையை 0.1 சதவீதத்துக்குக் கொண்டுவர அலைக்கு 80 புள்ளி வேண்டும். ஆறாம் வரிசை காம்பாக்ட் முறைக்கு அதே பத்துப் புள்ளியில் பிழை 0.003% மட்டுமே.

காம்பாக்ட் சமன்பாட்டின் இடப்பக்கத்தில், ஒரு புள்ளியின் வகைக்கெழுவோடு இருபக்க அண்டைப் புள்ளிகளின் வகைக்கெழுக்களை 1/3 மடங்கு கூட்டுங்கள். வலப்பக்கத்தில் 14/9 × (அடுத்த மதிப்பு − முந்தைய மதிப்பு) ÷ (2 × இடைவெளி), அதோடு 1/9 × (அடுத்ததற்கு அடுத்தது − முந்தையதற்கு முந்தையது) ÷ (4 × இடைவெளி). கிடைப்பது மூன்று மூலைவிட்ட அணி, அதாவது நடு மூலைவிட்டத்திலும் அதன் இருபக்கத்திலும் மட்டும் எண்கள் உள்ள அணி. அது மாறாதது என்பதால் அத்தகைய அணியை வேகமாகத் தீர்க்கும் தாமஸ் முறையில் ஒருமுறை காரணிப்படுத்தி வைத்தால் போதும்.

பெரும்பாலும் கோளாறு ஓரத்தில்தான் தொடங்கும். முதல் புள்ளியில்: அதன் வகைக்கெழு + 2 × இரண்டாவதன் வகைக்கெழு = (−5/2 முதல் மதிப்பு + 2 இரண்டாவது + 1/2 மூன்றாவது) ÷ இடைவெளி. இரண்டாம் புள்ளியில் 1/3 க்குப் பதில் 1/4, வலப்பக்கம் 3/2 ஒன்றே. மறுகோடியில் குறிகளைத் திருப்புங்கள். இந்த ஓரத்தோடு ஒட்டுமொத்தத் துல்லியம் நான்காம் வரிசைக்கு இறங்கும். இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை 64 இல் ஒன்றாகாமல் 16 இல் ஒன்றானால் பயப்பட வேண்டாம்.

நேரப்படியில் கவனம் வேண்டும். கூரண்ட் எண் (ஒரு நேரப்படியில் அலை கடக்கும் தூரம் ÷ புள்ளி இடைவெளி) 1.42 வரை கணக்கு வெடிக்காது. ஆனால் 1 இல் ரங்கே–குட்டாவே 0.13% பிழை தந்து, இடத்தில் சம்பாதித்த துல்லியத்தைத் தின்றுவிடும். பத்து அலைநீளத்தில் உயரமும் 4% குறையும். 0.5 வைத்து, 15 வினாடிப் படி எடுங்கள்.

புள்ளிக்குப் புள்ளி ஏறியிறங்கும் ரம்பப்பல் அலைவை இந்த முறையும் நகர்த்தாது, அழிக்கவும் செய்யாது. ஒவ்வொரு படி முடிவிலும் இத்தகைய அலைவை மட்டும் தணிக்கும் ஆறாம் வரிசைக் காம்பாக்ட் வடிகட்டி போடுங்கள், குணகம் 0.45 முதல் 0.49 வரை. 0.5 ஐத் தொட்டால் எதையும் வடிகட்டாது. அடித்தளத்தில் திடீர்ப் படிக்கட்டு இருந்தால் அதை முதலில் சில புள்ளிகளுக்குப் பரப்பி மென்மையாக்குங்கள். இல்லாவிட்டால் அங்கு எழும் அதிர்வு அணி வழியாக அக்கம்பக்கப் புள்ளிகளுக்கும் பரவும்.

இதே நிரலில் கள்ளக்கடல் அலையை (தொலைதூரப் புயலில் எழுந்து கரைக்கு வரும் பேரலை) ஓட்டிவிடாதீர்கள். 15 வினாடி அலை 50 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 19 மீட்டர் போகும். உங்கள் ஆழமற்ற நீர்ச் சமன்பாடு, அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகக் குறைவு என்று கொள்வதால், 22 என்றே சொல்லும். அந்தப் பிழை எத்தனை வரிசை கூட்டினாலும் தீராது. அலைக்காலத்துக்கு ஏற்ப வேகம் மாறுவதையும் கணக்கில் எடுக்கும் பூசினெஸ்க் சமன்பாடு வேண்டும்.