வாசகர் கேள்வி – பதில்: உதவிக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மியான்மரின் மண்டலை நகர மக்களுக்காக எங்கள் கோயில் குழு பணம் திரட்டியது. பெரிய சர்வதேச நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நிறுவனங்களை நம்பலாமா? (வாசகர், மோல்மேன்)

பதில்: நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. இந்த நிறுவனங்களைப் பற்றிய நம்மவர் பேச்செல்லாம் வெள்ளை வண்டி, குளிர்சாதன அறை, அதிகாரியின் சம்பளம் என்பதோடு நின்றுவிடுகிறது. அவை சில்லறைக் குறைகள். பணம் கொடுத்த அரசுக்குக் கணக்கு, உள்ளே விடுகிற அரசுக்கு வணக்கம் என்று இரு பக்கமும் பார்த்து நடக்கும் இவர்கள், அடிபட்ட ஊர்க்காரருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இல்லை என்பதே பெரிய குறை.

2008 மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கிய நர்கிஸ் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டும் காணாமலும் போனார்கள். விசா கிடைக்காத வெளிநாட்டு நிபுணர்கள் பாங்காக்கில் காத்துக் கிடந்தார்கள். மே 23 அன்று அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கீ மூன் நேரில் வந்து, இராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைச் சந்தித்த பிறகே வாசல் ஓரளவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் ஊர்க் கடைக்காரர்கள் ரசிக்கக்கூடிய கதை. ஐ.நா. கொண்டுவந்த டாலரை அரசு வங்கியில் கட்டி, அந்நியச் செலாவணிச் சான்றிதழாக வாங்கி, அதைக் கொடுத்து உள்ளூர் நாணயமான சியாட் பெற வேண்டியிருந்தது. சந்தையில் டாலருக்குக் கிடைத்ததைவிடச் சான்றிதழுக்குக் குறைவாகவே கிடைத்ததால், சுமார் 1 கோடி டாலர் இந்த மாற்றிலேயே கரைந்துபோனதாக ஐ.நா. அதிகாரிகளே அந்த ஜூலையில் ஒப்புக்கொண்டார்கள். புகார் செய்தால் வாசல் மறுபடி மூடிவிடுமோ என்ற அச்சம் அவர்களைத் தயங்க வைத்திருக்கும் என்பது என் ஊகம்.

அதே நாள்களில் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு சொந்தச் செலவில் கழிமுகத்துக்குப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் ஒருவரான நகைச்சுவைக் கலைஞர் சர்கனார், அரசின் நிவாரணத்தைக் குறைகூறிப் பேட்டியும் கொடுத்ததால் கைதாகி, நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2011இல்தான் வெளியே வந்தார். ஆபத்து உள்ளூர்க்காரருக்கு, நிதியில் பெரும்பங்கு வெளியாருக்கு என்ற ஏற்பாடு இன்னும் மாறவில்லை. நிதியில் 25 விழுக்காட்டை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேராகத் தருவதாக 2016இல் பெரிய நிறுவனங்களும் கொடை நாடுகளும் உறுதி கூறின. அதன் அருகில்கூட அவர்கள் வரவில்லை.

ஆகவே, சோறு, தார்ப்பாய், கூரைத் தகடு போன்றவற்றுக்கான பணத்தை மண்டலையில் உங்களுக்குத் தெரிந்த கோயில், மடாலயம், பள்ளிவாசல் குழுக்களிடமே கொடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் அந்தக் குழுக்களால் ஈடுகொடுக்க முடியாது. அதற்குப் பெரிய நிறுவனம் வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் செலவுக் கணக்கைக் கேளுங்கள், உங்கள் கோயில் குழுவிடமும்தான்.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியேறிவிடுவதே நல்லது அல்லவா? (வாசகர், தட்டோன்)

பதில்: இல்லை. மேற்கு மாநிலமான ரக்கைனில் நடந்த வன்முறையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்ததாக வெளிப்படையாகச் சொன்ன எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை, 2014 பிப்ரவரியில் அரசு அங்கே பணி செய்யவிடாமல் நிறுத்தியது. அந்த அமைப்பின் மருத்துவமனைகளையே நம்பியிருந்த மலேரியா, காசநோய் நோயாளிகள் பல மாதங்கள் தவித்தார்கள். வாய் திறந்தது அமைப்பு. மருந்தை இழந்தவர்கள் நோயாளிகள்.