டீசல் புகையில் வேலை பார்ப்பவர்களுக்கு மரபணு கெடுமா, அது பிள்ளைகளுக்கும் போகுமா?

முதல் பாதிக்குப் பதில்: கெடலாம். புகையின் கரித்துகளில் ஒட்டியிருக்கும் பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் நேரடியாக டிஎன்ஏவைத் தொடுவதில்லை. அதை வெளியேற்றப் பார்க்கும் நம் உடலின் நொதிகளே அதை எபாக்சைடு என்ற வீரியமான பொருளாக மாற்றிவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த எபாக்சைடு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினில் ('ஜி') ஒட்டிக்கொள்ளும். செல் பிரிவதற்குள் பழுது நீங்காவிட்டால் 'ஜி' இருந்த இடத்தில் 'டி' (தைமின்) என்ற வேறு எழுத்து வந்து நிலைத்துவிடும். கட்டியைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் இது நடந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. டீசல் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி 2012இல் முதல் தொகுதிப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானதாக, அறிவித்தது.

இரண்டாம் பாதி: நுரையீரல், ரத்த செல்களில் வரும் மாற்றம் பிள்ளைக்குப் போகாது. விந்தணு, கருமுட்டை செல்களில் வருவது மட்டுமே போக முடியும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும் ஆண்கள் மூன்று மாதம் முன்பே புகையிலிருந்து விலகியிருப்பது நல்லது.

பரிசோதனை வேண்டுமென்றால் புகையிலுள்ள பைரீன் (பென்சோபைரீனின் இனத்தைச் சேர்ந்தது) உடலில் மாறி வெளியேறும் பொருளான 1-ஹைட்ராக்சிபைரீனைச் சிறுநீரில் பார்க்கலாம். வாரத்தின் கடைசி ஷிப்ட் முடிந்ததும் மாதிரி கொடுக்க வேண்டும். விடுமுறை முடிந்து கொடுத்தால் அளவு இறங்கியிருக்கும். சிகரெட்டும் சுட்ட இறைச்சியும் அளவை ஏற்றிக் காட்டும். இது உள்ளே போன அளவைச் சொல்லும், சேதத்தை அல்ல. ரத்தத்தில் செய்யும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனை குரோமோசோம் உடைவைக் காட்டினாலும், தனி ஒருவருக்கு நோய் வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

என்95 முகக்கவசம் துகளைப் பிடிக்கும், புகையில் வாயுவாக இருக்கும் பென்சீன் ஆவியைப் பிடிக்காது. தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வண்டியின் புகைக்குழாயிலேயே குழல் மாட்டிப் புகையை வெளியே இழுப்பதுதான் முதல் வேலை.