20 நானோமீட்டர் சிலிக்கா துகள்மேல் ஏடிஆர்பி என்ற, சங்கிலிகளைக் கட்டுப்பாடாக வளர்க்கும் முறையில் பாலிமர் வளர்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கட்டியாகிவிடுகிறது. எங்கே தப்பு?

துகளைக் காயவைத்திருப்பீர்கள். கேள்வியில் அதை எழுதவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்திருக்கும், நானும் அதையேதான் செய்தேன்.

ஆல்கஹாலில் அம்மோனியா சேர்த்துச் செய்யும் ஸ்டோபர் முறையில் இவ்வளவு சின்னத் துகளை ஒரே அளவில் எடுப்பது கஷ்டம் என்று அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை வைத்துச் செய்யும் வழிக்குப் போனேன். கீழே அர்ஜினைன் கரைத்த தண்ணீர், மேலே சைக்ளோஹெக்சேனில் டிஇஓஎஸ் (சிலிக்காவாக மாறும் மூலப்பொருள்), 60 டிகிரி, இரண்டு அடுக்கும் கலந்துவிடாமல் மெதுவாகச் சுற்றும் காந்தக் குச்சி. மறுநாள் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருந்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் லேசாக நீலம் ஓடியது. அந்த நீலத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

கைடு கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை கிராம் வந்தது?" எடை போட வேண்டுமே என்று ராத்திரி முழுக்க வேக்குவம் அவனில் வைத்தேன். காலையில் பச்சரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள். டொலுவின் கரைப்பானில் போட்டு ஆறு மணி நேரம் சோனிகேட்டரில் அதிரவிட்டேன், வெளியே எடுத்துப் பத்து நிமிஷத்தில் எல்லாம் அடியில் படிந்துவிட்டது. காயும்போது பக்கத்துத் துகள்களின் சிலனால்கள் (மேற்பரப்பில் இருக்கும் சிலிக்கான்–ஓஹெச் தொகுதிகள்) சேர்ந்து சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பாகிவிடும், அதைச் சோனிகேட்டரால் பிரிக்க முடியாது.

எடை தெரிய வேண்டுமா, ஒரு மில்லியை மட்டும் காயவையுங்கள். மீதியை ஈரமாகவே வைத்துக் கரைப்பானை மாற்றிக்கொண்டே போங்கள். துகளில் ஒட்டிச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டர் சிலேனில், பிணையும் இடமான எத்தாக்சி ஒன்றே ஒன்று இருப்பதை வாங்குங்கள், மூன்று இருந்தால் அது தனக்குள்ளேயும் பிணைந்து இரண்டு துகள்களைச் சேர்த்துக் கட்டிவிடலாம். மூன்று எத்தாக்சியிலும் எங்களுக்கு நன்றாக வந்தது என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். வந்திருக்கும், 200 நானோமீட்டர் துகளில் எனக்கும் வந்தது.

அப்புறம், மானோமர் (சங்கிலியாகச் சேரும் சின்ன மூலக்கூறு) முழுவதும் தீரும்வரை விடாதீர்கள். சதுர நானோமீட்டருக்கு அரைச் சங்கிலி என்று வைத்தாலும் 20 நானோமீட்டர் துகளில் 600-க்கு மேல் சங்கிலிகள் நிற்கும். அதில் ஒன்றிரண்டு பக்கத்துத் துகளின் சங்கிலியோடு முட்டி இணைந்தாலே குடுவைக்குள் ஜெல். நான் பத்து சதவீதத்தில் நிறுத்தினேன், அதில்தான் உருப்படியாக வந்தது.

அந்த பேட்ச்தான் பேப்பரும் ஆனது. என் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை, கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் இருக்கிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு.