பகலில் எக்செல், இரவில் கேம்: ஓஎல்இடி மொனிட்டர் சரிவருமா?

கொம்பியூட்டர் பகுதிக்கு மலையகத்தில் இருந்து வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் ஓஎல்இடி மொனிட்டர் பற்றிய கேள்விதான் அதிகம். கேமும் விளையாட வேண்டும், வேலையும் பார்க்க வேண்டும், காசு போட முடிவது ஒரே தடவைதான். எல்லோருடைய நிலைமையும் இதுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஹட்டன்): கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். காலை 8 மணியில் இருந்து பின்னேரம் 5 மணி வரை எக்செல்லும் மெயிலும்தான். இரவில் இரண்டு மூன்று மணித்தியாலம் கேம். பழைய மொனிட்டர் பழுதாகிவிட்டது. ஓஎல்இடி எடு என்று சிலர் சொல்கிறார்கள், ஆறு மாதத்தில் திரையில் அச்சு விழுந்துவிடும் என்று வேறு சிலர் பயம் காட்டுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு தரப்பு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சாதாரண எல்சிடி மொனிட்டரில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள பிக்சல்கள் அந்த வெளிச்சத்தை மறைக்கும் அல்லது விடும். ஓஎல்இடியில் அந்த விளக்கே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டுமென்றால் அப்படியே அணைந்துவிடுகிறது. அறை லைட்டை அணைத்துவிட்டு குகை, காடு, இருட்டுத் தெரு என்று வருகிற கேம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், ஐபிஎஸ் என்கிற எல்சிடி வகைத் திரையின் மூலைகளில் கசிகிற அந்தச் சாம்பல் வெளிச்சம் இதில் கிடையாது. வேகமும் அப்படித்தான். பிக்சல் நிறம் மாற 0.03 மில்லி செக்கன் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஐபிஎஸ் பெட்டியில் 1 என்று போட்டிருந்தாலும் உண்மையில் பல நிறமாற்றங்களுக்குச் சில மில்லி செக்கன் பிடிக்கும். அதனால்தான் ஓடுகிற ஆளின் பின்னால் இழுபடும் மங்கல் ஓஎல்இடியில் அவ்வளவு குறைவாக இருக்கிறது.

ஆனால் பிக்சல் தானே எரிவதால்தான் தேயவும் செய்கிறது. திரை முழுக்க ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. சில இடங்கள் மட்டும் கூடுதலாகத் தேய்ந்தால் அச்சு விழுந்தது போலத் தெரியும், அதைத்தான் பேர்ன் இன் என்கிறார்கள். எக்செல்லை யோசித்துப் பாருங்கள்: மேலே பட்டன் வரிசை, இடது பக்கம் வரிசை எண்கள், கீழே டாஸ்க்பார், நடுவில் வெள்ளைக் கட்டங்கள், எல்லாமே நாள் முழுக்க அதே இடத்தில். தோட்டத்து ஆபிஸில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) அடிக்கிறவருக்கும் உங்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்தில் திரையே போய்விடும் என்பது மிகைதான், எவ்வளவு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் எக்செல், மூன்று மணித்தியாலம் கேம் என்றால் அந்த மொனிட்டரின் ஆயுளில் முக்கால் பங்கை எக்செல்தான் தின்னும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், கேமைப் பார்த்து அல்ல.

அதனால் நான் சொல்வது இது: மேசையில் இடம் இருந்தால், வேலைக்கு ஒரு சாதாரண 24 அங்குல ஐபிஎஸ், பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓஎல்இடியை இரவுக்கு மட்டும் போடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும், அறையிலும் பகல் வெளிச்சம் அதிகம் என்றால் நல்ல ஐபிஎஸ் ஒன்றை எடுத்துவிட்டு மிச்சக் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதுதான் உங்களுக்கு நல்லது. கார்ட் செக்கனுக்கு 90 படம் (ஃபிரேம்) தருகிற இடத்தில், செக்கனுக்கு 240 படம் காட்டக்கூடிய 240 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கி என்ன செய்வது?

இல்லை, ஒன்றுதான், அதுவும் ஓஎல்இடிதான் என்று மனம் நின்றுவிட்டால், வாங்கின அன்றைக்கே டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள், விண்டோஸையும் எக்செல்லையும் டார்க் மோடுக்கு மாற்றுங்கள், வோல்பேப்பரைத் தனிக் கறுப்பாகப் போடுங்கள், மூன்று நிமிடம் கை வைக்காவிட்டால் திரை அணையட்டும். வேலை நேரத்தில் பிரைட்னஸ் கண்ணுக்குப் போதுமான அளவு இருந்தால் போதும். பிக்சல் ஷிஃப்ட் என்று மெனுவில் ஒன்று இருக்கும், படம் ஓரிரு பிக்சல் நகர்கிறதே என்று எரிச்சல்பட்டு அதை அணைத்துவிடாதீர்கள். இன்னொன்று: ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது இருட்டுக் காட்சிகளில் திரை லேசாக மினுங்கும். விஆர்ஆர், அதாவது கார்ட் தருகிற ஃபிரேமுக்கு ஏற்றபடி திரையின் வேகத்தை மாற்றும் வசதி, போட்டிருக்கும்போது ஓஎல்இடியில் வருகிற குணம் அது, பழுது இல்லை. கேமில் ஃபிரேமை ஒரு அளவில் கட்டி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி (பண்டாரவளை): நண்பரின் 27 அங்குல ஓஎல்இடியில் கேம் அருமையாக இருந்தது. ஆனால் என்னுடைய தமிழ்க் கட்டுரையைத் திறந்ததும் எழுத்துகளின் ஓரத்தில் ஏதோ நிறம் தெரிந்தது. என் கண்ணில் பிரச்சினையா?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. சாதாரணத் திரையில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும், விண்டோஸின் கிளியர்டைப் அந்த ஒழுங்கை நம்பித்தான் எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குகிறது. சாம்சங் செய்கிற கியூடி-ஓஎல்இடியில் அந்த மூன்றும் முக்கோணமாக நிற்கின்றன, எல்ஜி செய்கிற டபிள்யூ-ஓஎல்இடியில் நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளியும் சேர்ந்துவிடுகிறது. கணக்குத் தப்பி, ஓரத்தில் நிறம் கசிகிறது. கியூடி-ஓஎல்இடியில் அது எழுத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் விழும். ஆங்கிலத்தை விடத் தமிழில் இது கூடுதலாக உறுத்தும், ஏனென்றால் நம் எழுத்தில் சுழி அதிகம், மேலே புள்ளியும் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் 10 அளவு எழுத்தில் 'கண்ணன்' என்று அடித்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், ண் மேலே உள்ள புள்ளி கறுப்புப் புள்ளியாக இல்லாமல் நிறம் கலந்த ஒரு பொட்டாக நிற்கும்.

இதற்கு உண்மையான மருந்து பிக்சல் அடர்த்திதான். 27 அங்குலத்தில் 1440பி (2560 x 1440 பிக்சல்) என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல், 34 அங்குல அகலத் திரையும் அதே அளவுதான். 32 அங்குல 4கே (3840 x 2160 பிக்சல்) என்றால் கிட்டத்தட்ட 140, 2025இல் வந்த 27 அங்குல 4கே மொடல்களில் 166 வரை. 140க்கு மேல் போனால் வழக்கமான தூரத்தில் உட்காருகிறவருக்கு அந்த நிறம் தெரியாது என்றே சொல்லலாம், 166இல் தமிழ் எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். நீங்கள் எழுதுகிற ஆள், அதனால் 1440பி ஓஎல்இடி வேண்டாம். 4கேக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டுமே என்று யோசிப்பீர்கள், டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் போட்டால் கார்ட் குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கும், கேமில் அது பெரிதாகத் தெரியாது. எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் ஒவ்வொரு நாளும் தெரியும்.

கேள்வி (மஸ்கெலியா): மழை இருண்டாலே அம்மா வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவார். ஓஎல்இடியை எந்நேரமும் பிளக்கில் வைத்திருக்க வேண்டுமாமே?

பதில்: அம்மா செய்வது முழுக்கச் சரி, அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்குகிற ஊரில், எந்த மொனிட்டரும் மின்னலுக்கு முன்னால் ஒன்றுதான். மின்கம்பி மட்டுமல்ல, வெளியில் இருந்து வரும் டெலிபோன் கம்பி வழியாகவும் ரவுட்டருக்கும் அங்கிருந்து நெட்வேர்க் வயர் வழியாகக் கொம்பியூட்டருக்கும் இறங்கலாம், அதையும் சேர்த்துக் கழற்றச் சொல்லுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். ஓஎல்இடி மொனிட்டர் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் ஓடிய பிறகு, அணைத்து வைத்திருக்கும் நேரத்தில் பிக்சல்களின் தேய்வைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். சில நிமிட வேலை, மொடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்டான்ட்பையில் கரண்ட் இருக்க வேண்டும். நம் வீடுகளில் கொம்பியூட்டரை அணைத்த கையோடு சுவரில் உள்ள சுவிட்சையும் தட்டிவிடுவோம், அந்தப் பழக்கத்தில்தான் இந்த வேலை நடக்காமலே போகிறது. ஆகவே இரவில் மொனிட்டரை அதன் பட்டனில் அணையுங்கள், பல மொடல்களில் வேலை நடக்கும்வரை சின்ன லைட் ஒன்று மினுங்கும், அது நின்ற பிறகு சுவர் சுவிட்சைத் தட்டலாம். நடுவில் கரண்ட் போய்விட்டால் திரை கெட்டுவிடாது, அடுத்த தடவை மறுபடி செய்துகொள்ளும். மாதக்கணக்கில் ஒரு தடவையும் செய்ய விடாமல் இருப்பதுதான் கூடாது. கொம்பியூட்டருக்கும் மொனிட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் போட்டால் திடீரென்று கரண்ட் போகும்போது ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். இதே வேலையை நீண்ட நேரம் செய்கிற பெரிய சுத்திகரிப்பு ஒன்றும் மெனுவில் இருக்கும், அதை மொனிட்டர் தானாகக் கேட்டால் மட்டும் ஓட விடுங்கள், அடிக்கடி கையால் ஓட்ட வேண்டாம்.

கேள்வி (நுவரெலியா): இங்கே குளிரும் பனிமூட்டமும் ஈரமும். ஓஎல்இடி தாங்குமா?

பதில்: குளிர் உங்களுக்கு நல்லது. ஓஎல்இடி சூட்டில்தான் சீக்கிரம் தேயும், கொழும்பில் ஃபேன் மட்டும் சுற்றுகிற அறையில் உள்ளதை விட 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள உங்கள் அறையில் அது கூடுதல் காலம் நன்றாக இருக்க வாய்ப்பிருக்கிறது. ஈரத்துக்கு, ஜன்னலைத் திறந்து மூட்டத்தை உள்ளே விடுகிற இடத்தில் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். குளிரில் பயணம் செய்து வந்த பெட்டியை உடனே பிளக்கில் செருகாமல் இரண்டு மணித்தியாலம் அறையிலேயே வைத்திருங்கள், அவ்வளவுதான்.

நான் கவலைப்படுவது உங்கள் ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி. மூட்டம் உள்ள நாளில் ஜன்னல் முழுக்க வெள்ளையாக எரியும், அது நேராகத் திரையில் பட்டால் கியூடி-ஓஎல்இடியின் கறுப்பு சாம்பல் கலந்த ஊதாவாக மாறும், ஏனென்றால் அதில் வெளி வெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் படலம் இல்லை. மேசையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் டபிள்யூ-ஓஎல்இடி மொடல் ஒன்றைப் பாருங்கள்.

கேள்வி (கண்டி): பெட்டியில் வெளிச்ச அளவு 1000 நிட்ஸ் என்று போட்டிருக்கிறது, ஆனால் வெள்ளைப் பக்கம் திறந்தால் மங்கலாக இருக்கிறதே?

பதில்: அந்த 1000 திரையின் மிகச் சிறிய ஒரு பகுதிக்கு, எச்டிஆரில் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை), சூரியன், தீப்பொறி மாதிரி இடங்களுக்கு மட்டும். திரை முழுக்க வெள்ளை என்றால் பெரும்பாலான மொடல்களில் 250 நிட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். திரைச்சீலை போட்ட அறைக்கு 250 தாராளம்.

கேள்வி (பதுளை): என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5 மட்டும். எந்த ஓஎல்இடி?

பதில்: பிஎஸ்5 120 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாது, அதனால் 240, 360 என்ற எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். எச்டிஎம்ஐ 2.1 துவாரம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள், 4கேயில் 120ம் விஆர்ஆரும் அதன் வழியாகத்தான் வரும். வேலைக்கு வேண்டாம், கேமுக்கும் படத்துக்கும் மட்டும் என்றால் 42 அங்குல ஓஎல்இடி டிவியின் விலையையும் ஒரு தடவை விசாரியுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அண்ணன் துபாயில் இருந்து லீவுக்கு வரும்போது கொண்டு வருகிறேன் என்கிறார். இங்கே 18 வீத வற் வரியும் சேர்வதால் அங்கே மலிவு. வாங்கலாமா?

பதில்: விலையை மட்டும் பார்த்தால் வாங்கலாம், கரண்டிலும் பிளக்கிலும் பிரச்சினை வராது. ஆனால் ஓஎல்இடியில் நீங்கள் வாங்குவதில் பாதி வொரண்டிதான். பெரிய கம்பனிகள் பல மொடல்களுக்கு மூன்று வருடம், பேர்ன் இன்னையும் சேர்த்துத் தருகின்றன, ஆனால் பல நேரம் விற்ற நாட்டில் மட்டும்தான் அது செல்லும். துபாயில் வாங்கியதைத் தலவாக்கலையில் இருந்து எப்படித் திருப்பி அனுப்புவீர்கள்? அண்ணன் உழைத்த காசு, கவனமாகப் போடுங்கள். வித்தியாசம் சின்னதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா பக்கம் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு இங்கேயே எடுங்கள், பேர்ன் இன்னுக்கும் வொரண்டி உண்டு என்பதை பில்லிலோ கார்டிலோ எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிக்க ஏலாது.

கடையிலேயே திறந்து முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, இருண்ட சாம்பல் என்று ஒவ்வொன்றாகத் திரை நிறையப் போட்டுப் பாருங்கள். செத்த பிக்சலும் கோடும் அதில் தெரிந்துவிடும். கொண்டு வரும்போது பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும். இந்தத் திரைகள் மிக மெல்லியவை. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் யாரோ மூட்டையை ஏற்றினால், வீட்டில் திறக்கும்போதுதான் விரிசல் தெரியும். காரில் வர முடிந்தால் பின் சீட்டில் நிற்க வைத்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): திரையை எதை வைத்துத் துடைப்பது? அதன் மேல் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா?

பதில்: ஸ்டிக்கர் வேண்டாம். கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியால் காய்ந்தபடியே மெதுவாகத் துடையுங்கள், கறை போகவில்லை என்றால் துணியின் ஓரத்தைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டோ கண்ணாடிக்கு அடிக்கிற திரவமோ கூடவே கூடாது, கியூடி-ஓஎல்இடியின் மேல் பூச்சு சீக்கிரம் கீறுப்படும்.