விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்: ஏர் ஃபில்டர் கேள்வி-பதில்

கேள்வி: சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்துக் காட்டி, "கறுத்துப் போச்சு பாருங்க" என்று மாற்றிவிடுகிறார்கள். இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா? எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க மட்டும்தான் தெரியும்.

அதுவே போதும். பெரும்பாலான கார்களில் இது பத்து நிமிட வேலை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பானெட்டைத் திறங்கள். எஞ்சினுக்குள் போகும் தடித்த ரப்பர் குழாயைப் பின்தொடர்ந்தால் அது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் போய் முடியும். மூடியைக் கம்பிக் கிளிப்போ ஸ்க்ரூவோ பிடித்திருக்கும். ஸ்க்ரூ நட்சத்திரத் தலையாக இருந்தால் அதற்கான டிரைவரையே வாங்குங்கள். வேறெதையாவது திணித்தால் தலை மழுங்கிவிடும், பிறகு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். பக்கத்தில் சென்சார் ஒயர் ஓடினால் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு உதறாமல், சாய்க்காமல் தூக்குங்கள். பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிக்காற்று நுழையும் பக்கத்தில் சருகு, பூச்சி, மணல் கிடக்கும். வேக்குவம் கிளீனராலோ ஈரத்துணியாலோ எடுத்துவிடுங்கள். குழாயோடு சேர்ந்த மறுபக்கம் சுத்தமாகவே இருக்க வேண்டும். அங்கே ஒரு சிட்டிகை மணல் விழுந்தாலும் நேரே எஞ்சினுக்குத்தான் போகும். வாயால் ஊதுவது, பிரஷ்ஷால் தட்டுவது இரண்டும் வேண்டாம்.

புதியதை வைக்கும்போது அதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். மூடியின் பின்புறத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவற்றை முதலில் அவற்றின் துளைகளில் மாட்டி, கடைசியாகக் கிளிப்பைப் போடுங்கள். கிளிப் முரண்டு பிடித்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அழுத்தி மூடாதீர்கள், திறந்து மறுபடி வையுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். தூசியைப் பிடிக்கத்தான் ஃபில்டர். ஓரளவு அழுக்கேறிய காகிதம் புதியதைவிட நுண்தூசியை நன்றாகவே பிடிக்கும். காரோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பல கார்களுக்கு அது 20,000 முதல் 40,000 வரை இருக்கும். மண் சாலையில் ஓட்டுபவர்கள் பாதியிலேயே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: ஏசி போட்டால் நாற்றம். ஏர் ஃபில்டரை மாற்றினேன், போகவில்லை. ஃபில்டர் மட்டமா?

ஃபில்டர் மீது பழி வேண்டாம். நீங்கள் மாற்றியது எஞ்சின் மூச்சுவிடுவது; நீங்கள் மூச்சுவிடுவதற்குக் கேபின் ஃபில்டர் என்று தனியாக ஒன்று, பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் கார் பெயரைப் போட்டு முதலில் வந்ததை வாங்கினேன். ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் இடைவெளி. பஞ்சு ஒட்டி அடைத்துவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என் வாயால் வராது. அந்தப் பஞ்சு கழன்றால் போகும் இடம் எஞ்சின். கழலாவிட்டாலும், காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடும். காகிதத்தை விட்டு இடுக்கு வழியாகவே தூசியோடு நுழையும். அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒரே பெயரில் பெட்ரோல், டீசல் என்று இரண்டு எஞ்சின் இருக்கும், நடுவில் மாடலும் மாறியிருக்கும். பாகத்தின் எண், எஞ்சின் வகை, தயாரித்த ஆண்டு மூன்றையும் பார்த்து வாங்குங்கள். பழைய ஃபில்டரின் நீள, அகல, உயரத்தை ஸ்கேல் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகுமா? இதைத் திருப்பி அனுப்புங்கள். பஞ்சு ஒட்டியதால் எடுத்துக்கொள்ள மறுத்தால், அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

கேள்வி: கம்பெனிப் பெட்டி, பளபளக்கும் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. இரண்டே மாதத்தில் ஃபில்டரின் மடிப்புகள் சரிந்து, பசை விட்டு, குழாயின் உள்ளே தூசி. கடைக்காரர் "நீங்க மாட்டினது தப்பு" என்கிறார்.

உங்கள் மேல் தப்பில்லை. சரியான ஃபில்டரைக் கோணலாக வைத்தால் விளிம்பு நசுங்கும். மடிப்பில் பசை விடாது. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்த ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பில், பெட்டி, பசை விட்ட இடத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிரதியைப் பெட்டியில் பெயர் இருக்கும் கம்பெனிக்கும் அனுப்புங்கள். தன் பெயரில் போலி விற்கிறது என்றால் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பெட்டியை மறந்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். விளிம்பை நகத்தால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். எண் பெட்டியில் மட்டுமின்றி ஃபில்டரிலும் இருக்கிறதா பாருங்கள். இப்போதைக்குக் குழாயின் உட்புறத்தைத் துடைத்து, காற்றை அளக்கும் சென்சாரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதன் கம்பி தலைமுடி போல மெல்லியது, விரல் படக் கூடாது. அதற்கென்றே விற்கும் ஸ்பிரே தவிர வேறெதையும் அடிக்கவும் கூடாது.

கேள்வி: கழுவிக் கழுவிப் போடும் ஃபில்டர் ஒன்றை விற்பனையாளர் காட்டினார். மைலேஜ் 15 சதவீதம் கூடுமாம். வாங்கலாமா?

இந்த மைலேஜ் கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. அந்தக் காலத்துக் கார்பரேட்டர் காரில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் அதற்கேற்பக் குறையாது, மைலேஜ் அடிபடும். இன்றைய இன்ஜெக்‌ஷன் காரில் உள்ளே வரும் காற்றைச் சென்சார் அளக்க, கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடிதான் பெட்ரோல் விடுகிறது. அடைப்பு இருந்தால் வண்டி இழுக்காது, ஓவர்டேக் செய்யும்போது திணறும். மைலேஜ் பெரிதாக மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. அடைத்த ஃபில்டரை மாற்றினாலே மைலேஜ் ஏறாதபோது, நல்ல ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் எங்கிருந்து ஏறும்?

இந்த வகைப் பருத்தி ஃபில்டரில் கழுவியபின் எண்ணெய் தடவ வேண்டும். குறைந்தால் தூசி நிற்காது, கூடினால் எண்ணெய் போய்ச் சென்சாரில் படிந்து எஞ்சின் விளக்கு எரியும். நானும் ஒன்று வாங்கி, எண்ணெயைத் தாராளமாக விட்டு, சென்சாரைத் தண்டமாக மாற்றியவன்தான். ஃபில்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

கேள்வி: சாதாரணக் காகித ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா? கம்ப்ரசர் காற்று?

கூடாது. கூடாது. நனைந்தால் காகிதம் உப்பிப்போகும், கம்ப்ரசர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்.

கேள்வி: பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து ஒரு வருடமாக டேப் ஒட்டி ஓட்டுகிறேன்.

ஒரு வருடமா! கிளிப் பல கார்களுக்குத் தனியாகவே கிடைக்கும், கிடைக்காவிட்டால் மூடியை மாற்றுங்கள். டேப் எஞ்சின் சூட்டில் இளகும், மூடி ஒரு பக்கம் தூக்கும். பிறகு ஃபில்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: பழையதைக் கழற்றிவிட்டேன், புதியது தவறான அளவு. ஃபில்டர் இல்லாமல் கடை வரை ஓட்டிப் போகலாமா? பக்கம்தான்.

பழையதையே மாட்டிக்கொண்டு போங்கள்.